பத்தே முக்கால் மணி அலறல்: குழந்தைகளின் இரவுத் திகிலும் தூக்கக் கோளாறுகளும் – பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு அப்போது நாலரை வயது. ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஒன்பது மணிக்குத் தூங்கியவன் பத்தே முக்காலுக்கு வீறிட்டு எழுந்து உட்கார்ந்தான். கண்கள் அகலத் திறந்திருந்தன. ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினான். தூக்கப் போன என்னையே உதைத்துத் தள்ளினான். நெற்றி முடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது; மார்பில் கை வைத்தால் இதயம் உள்ளங்கையில் வந்து இடித்தது. "அம்மாதான்டா" என்று சொல்லச் சொல்ல அலறல் கூடியதே தவிரக் குறையவில்லை. கணவர் விளக்கைப் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தார். அத்தை திருநீற்றுத் தட்டோடு வந்தார். ஏழெட்டு நிமிடம் கழித்து, பொங்கிய பால் அடங்குவதுபோல் அடங்கி, அப்படியே சரிந்து படுத்துத் தூங்கிப்போனான்.

காலையில் எழுந்து இட்லி கேட்டான். இரவு நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. விடிய விடியத் தூங்காமல் கிடந்தது நாங்கள் மூவரும்தான்.

இதற்குப் பெயர் இரவுத் திகில். 'நைட் டெரர்' என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள். அன்றிரவு நான் தூக்கப் போனது, விளக்கைப் போட்டது, தண்ணீர் தெளித்தது மூன்றும் தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் அந்தத் தவறுகள் நடக்க வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கடிகாரத்தைப் பாருங்கள்

குழந்தை அலறியதும் முதலில் மணி என்ன என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இரவுத் தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. படுத்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. கனவு மிகுந்த உறக்கம் விடியலை நோக்கிப் போகப் போகக் கூடும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறும் இடத்தில் சில குழந்தைகளுக்குச் சிக்கல் ஏற்படுகிறது. மூளையின் ஒரு பகுதி விழித்துக்கொள்ள, மற்றொரு பகுதி உறங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் உடம்பு எழுந்து உட்கார்ந்து அலறுகிறது, வியர்க்கிறது, ஓடுகிறது. உங்களை அடையாளம் காண வேண்டிய மனமோ இன்னும் தூக்கத்தில் கிடக்கிறது. இரவுத் திகில் என்பது இதுதான். தூக்கத்தில் நடப்பதும், குழம்பிப்போய் எழுந்து உளறுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

கெட்ட கனவு வேறு. அது பெரும்பாலும் பின்னிரவில், மூன்று நான்கு மணிக்கு வரும். குழந்தை முழுதாக விழித்து உங்களைத் தேடி வரும், கட்டிக்கொள்ளும், நாய் துரத்தியது என்றோ யாரோ பிடித்துக்கொண்டு போனார்கள் என்றோ கதையாகச் சொல்லும். மறுபடி தூங்கப் பயப்படும். அந்தக் குழந்தைக்கு உங்கள் மடியும் பேச்சும் வேண்டும். இரவுத் திகிலில் இருக்கும் குழந்தைக்கோ உங்கள் பேச்சு எட்டாது. ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றொன்றுக்குச் செய்வதால்தான் இரவுகள் நீள்கின்றன.

இரண்டாம் படி: அந்தச் சில நிமிடங்கள்

எழுப்பாதீர்கள். உலுக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், பளிச்சென்று விளக்கைப் போடாதீர்கள். பெற்ற மனசுக்கு இது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இறுக்கிப் பிடித்தால் குழந்தை இன்னும் திமிரும். வலுக்கட்டாயமாக எழுப்பினால் குழப்பம் கூடி, அலறல் இன்னும் நீளும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். அரிதாக அரை மணி நேரம் வரை போவதும் உண்டு.

செய்ய வேண்டியது காவல் இருப்பது மட்டுமே. கட்டிலின் ஓரத்துக்கும் குழந்தைக்கும் நடுவே உட்காருங்கள். எழுந்து ஓடினால் தடுத்து மடக்காமல், கூடவே போய், தோளில் லேசாகக் கை வைத்துப் படுக்கைக்குத் திருப்புங்கள். தணிந்த குரலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். அது குழந்தைக்குக் கேட்கிறதோ இல்லையோ, உங்கள் கை நடுக்கம் நிற்கும். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றவே கூடாது. பாதி உறக்கத்தில் இருக்கும் குழந்தைக்குப் புரையேறும். அடங்கியபின் சிறுநீர் கழிக்க அழைத்துப் போகலாம். பல குழந்தைகள் முட்டிய சிறுநீர்ப்பையோடுதான் இப்படி எழுகிறார்கள்.

வீட்டைப் பகலிலேயே ஒழுங்கு செய்துவிடுங்கள். மேல் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள். வாசல் கதவின் தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் போடுங்கள். கோடையில் மொட்டை மாடியில் படுக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் கேளுங்கள்: இரவில் எழுந்து ஓடும் பழக்கமுள்ள குழந்தை ஒருநாளும் மாடியில் படுக்கக் கூடாது, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும். கொசுவர்த்திச் சுருள், மேசை விசிறி, தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றையும் நடைவழியிலிருந்து அகற்றுங்கள்.

மூன்றாம் படி: மறுநாள் காலை

"ராத்திரி எப்படிக் கத்தினாய் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். குழந்தைக்கு நினைவில்லாத ஒன்றை நாம் நடித்துக் காட்டினால், தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயம் பகலில் புகுந்துகொள்ளும். இரவு வந்தாலே படுக்க மறுக்கும். அக்கா, அண்ணன்மார் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி வேனில் அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் அவர்கள் சொல்வதும் இதில் சேர்த்தி.

பெரியவர்கள் சொல்வதைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் அத்தை, "பிள்ளை எங்கோ பயந்திருக்கிறான், மந்திரிக்க வேண்டும்" என்றார். திருநீறு பூசுவதாலோ, தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவதாலோ குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வீட்டில் பெரியவர்களின் மனம் அமைதியானால் அந்த அமைதி குழந்தைக்கும் நல்லது. ஆனால் மிளகாய்ப் புகை போடுவது, வேப்பிலையால் அடிப்பது, "உள்ளே இருப்பது யார்" என்று குழந்தையிடம் கேட்பது ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். மந்திரித்தபின் நின்றுவிட்டது என்று பலர் உறுதியாகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இரவுத் திகில் சில நாள் தொடர்ந்து வந்து, பிறகு சில வாரம் தானாகவே ஓய்ந்துவிடும் இயல்புடையது. அதன் உச்சத்தில்தான் நாம் பூசாரியைத் தேடிப் போகிறோம்.

இது அபூர்வமான நோயும் அல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், ஒன்றரை வயதில் 34.4 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் இரவுத் திகில் காணப்பட்டது. 13 வயதில் அது 5.3 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. அதே ஆய்வில், பெற்றோர் இருவருக்கும் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்திருந்தால் பிள்ளைகளில் 61.5 விழுக்காட்டினர் நடந்தனர்; இருவருக்குமே இல்லாவிட்டால் 22.5 விழுக்காட்டினர்தான். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என் கணவர் சிறுவயதில் நள்ளிரவில் எழுந்து சமையலறையில் போய் நிற்பாராம். அதுவரை யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

நான்காம் படி: இரண்டு வாரக் குறிப்பேடு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: பகலில் தூங்கியதா, எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு அலறியது, எவ்வளவு நேரம், காலையில் எத்தனை மணிக்கு எழுப்பினீர்கள், காய்ச்சல், சளி, குறட்டை, அன்று நடந்த புதிய சங்கதி ஏதேனும்.

என் நோட்டில் ஒன்பதாவது நாளே விஷயம் தெரிந்துவிட்டது. பள்ளி திறக்கும் முன் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்தத் தூக்கம் நின்றுபோயிருந்தது. காலை வேன் ஏழே காலுக்கு வருவதால் ஆறு மணிக்கே எழுப்பினோம். இரவுப் படுக்கை நேரத்தை மட்டும் மாற்றவே இல்லை. அலறிய ஐந்து இரவுகளும் ஒன்பது மணிக்கு மேல் படுத்த இரவுகள். அவற்றில் நான்கு, பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில். ஞாயிற்றுக்கிழமைகளில், அதாவது மதியம் தூங்கிய நாள்களில், ஒன்றுகூட இல்லை.

தூக்கக் குறைவே மிகப் பெரிய தூண்டுகோல். தூக்கம் குறைந்த உடம்பு, கிடைத்த நேரத்தில் ஆழ்ந்த உறக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆழம் கூடக் கூட அதிலிருந்து வெளிவருவது சிக்கலாகும். அடுத்த பெரிய தூண்டுகோல் காய்ச்சல். அதன்பின் ஊர்ப் பயணம், புது வீடு, தம்பி தங்கை பிறப்பு, வீட்டில் சண்டை, படுக்கும் அறையில் ஓடும் தொலைக்காட்சிச் சத்தம் என்று வரிசை நீளும்.

ஐந்தாம் படி: தூக்கக் கடனை அடையுங்கள்

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் தந்த அளவு இது. ஒன்று முதல் இரண்டு வயதுக்கு 11–14 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10–13 (இவ்விரண்டிலும் பகல் தூக்கம் சேர்த்தி), ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9–12, பதின்ம வயதுக்கு 8–10. உங்கள் குழந்தை எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆறு மணிக்கு எழ வேண்டிய ஐந்து வயதுக் குழந்தை எட்டு மணிக்குத் தூங்கியாக வேண்டும். நம் வீடுகளில் எட்டு மணிக்குத்தான் அடுப்பில் தோசைக்கல் ஏறுகிறது. நாங்கள் குழந்தைக்கு மட்டும் ஏழு மணிக்கே சாப்பாடு கொடுத்து, எட்டு மணிக்குள் தூங்கும்படி விளக்கை அணைக்க ஆரம்பித்தோம். ஒரே நாளில் முடியாது. இரண்டு நாளைக்குக் கால் மணி நேரம் என்று முன்னே நகர்த்துங்கள்.

ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீடாக இருந்தால் இருட்டும் அமைதியும் கேட்பது எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து, குழந்தையின் முகத்தில் வெளிச்சம் படாமல் படுக்கையைத் திருப்பிப் போட்டாலே ஒரு பகுதி தீரும். மாலைக்குப் பின் டீ, காபி, கோலா வேண்டாம். படுக்கும் முன் ஒருமுறை சிறுநீர்.

ஆறாம் படி: முன்கூட்டியே எழுப்புதல்

தூக்கத்தைச் சீர் செய்தும் தொடர்ந்தால் இதை முயலலாம். பிரிட்டன் மனநல மருத்துவர் பிரையன் லாஸ்க் 1988இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய முறை இது. மருந்தே இல்லாத இந்த வழியை 19 குழந்தைகளிடம் அவர் செய்து பார்த்தார். குறிப்பேட்டின்படி அலறல் வழக்கமாக எந்த நேரத்தில் வருகிறதோ, அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு குழந்தையை மெல்லத் தொட்டு எழுப்புங்கள். கண் திறந்து, ஒரு வார்த்தை முனகி, புரண்டு படுத்தால் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் மீண்டும் தூங்கவிடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம், ஒரு நாளும் விடாமல்.

அலறல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும் குழந்தைக்குத்தான் இது உதவும். வாரம் ஒருமுறை கண்ட நேரத்தில் வருவதற்கு இதைச் செய்தால் இருக்கும் தூக்கமும் கெடும்.

ஏழாம் படி: மூக்கு, தொண்டை, கால்

இரவுத் திகிலை ஒரு மனப்பிரச்சினையாக மட்டுமே பார்க்கிறவர்கள் தவறவிடும் இடம் இது. தூக்கத்தை அடிக்கடி கலைக்கும் எதுவும் அதைத் தூண்டும்.

வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூச்சு நின்று நின்று வருதல், தலையைப் பின்னால் வளைத்துப் படுத்தல், தலையணை நனையும் அளவு வியர்வை, காலையில் தலைவலி இவையெல்லாம் தொண்டையில் உள்ள டான்சிலோ மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையோ மூச்சுப் பாதையை அடைப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். "அப்பாவைப் போலவே குறட்டை விடுகிறான்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க மருத்துவ ஆய்வாளர் கில்மினோவின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரவுத் திகிலும் தூக்க நடையும் இருந்த 84 குழந்தைகளில் 49 பேருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடை இருந்தது. அவர்களில் டான்சில், அடினாய்டு அறுவைச் சிகிச்சை முதலியவற்றால் மூச்சுத் தடை நீங்கிய 43 பேருக்கும் இரவுத் தொல்லையும் நின்றுவிட்டது. எனவே குறட்டை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அறுவை தேவையா என்பதை அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, "அம்மா, காலை அமுக்கிவிடு" என்று தினமும் படுத்ததும் கேட்கும் குழந்தை. கால் குடைகிறது, எறும்பு ஊர்கிறது, ஆட்டினால்தான் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது ஓடி விளையாடிய வலி மட்டும்தானா என்று யோசியுங்கள். ஓய்வில்லாக் கால்கள் என்ற கோளாறு குழந்தைகளுக்கும் வரும். இரும்புச்சத்துக் குறைவு அதைத் தூண்டும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தசோகை இல்லாமலே ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருப்பதும் உண்டு. இரும்புச்சத்து மருந்தை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் அது குழந்தைக்கு நஞ்சு.

எட்டாம் படி: இது வலிப்பா?

சில வலிப்புகள் இரவில்தான் வரும். பார்வைக்கு இரவுத் திகில் போலவே இருக்கும். வேறுபாடு இவற்றில் தெரியும்: ஒரே இரவில் பலமுறை வருவது, படுத்த சில நிமிடங்களிலோ விடியற்காலையிலோ வருவது, ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே அசைவு, ஒரே பக்கம் கை முறுக்குதல், இரண்டு நிமிடத்துக்குள் சட்டென்று முடிதல், வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் ஒழுகுதல், உடம்பு விறைத்து வெட்டுதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, முகமும் கைகளும் தெரிய வேண்டும், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. நீங்கள் அரை மணி நேரம் விவரிப்பதைவிட அந்த ஒரு நிமிடம் நரம்பியல் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வெட்டு நீடித்தாலோ, மூச்சுத் திணறி உதடு நீலம் பாய்ந்தாலோ படம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

அலறல் வாரத்துக்கு இருமுறைக்கு மேல் நீடித்தாலும், குழந்தை அடிபட்டுக்கொண்டாலும், பகலில் சோர்ந்து தூங்கி வழிந்தாலும், புதிதாக ஒரு மருந்து தொடங்கிய பின் ஆரம்பித்திருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போங்கள். நோட்டையும் படத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பகலிலும் குழந்தை ஒடுங்கிப் போயிருந்தால், குறிப்பிட்ட ஒரு நபரைக் கண்டு பதறினால், அந்தக் கேள்வியை வீட்டுக்குள் வைத்து மூடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்தே தேவைப்படாது. தூக்க மாத்திரையோ, மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் கலந்த மிட்டாயோ, தூக்கம் வருகிறது என்பதற்காகச் சளி மருந்தோ நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகள்

பதின்ம வயதில் ஆழ்ந்த உறக்கம் இயல்பாகவே குறைகிறது. பெரும்பாலோருக்கு இரவுத் திகிலும் அத்தோடு போய்விடும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தொடங்கினால் அதைச் சிறு குழந்தையின் அலறலைப் போல விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வு, கடும் பதற்றம், வலிப்பு, மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவர் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

இந்த வயதில் வருவது வேறு விதமான தொல்லைகள். ஒன்று, இரவு பன்னிரண்டுக்கு முன் தூக்கமே வராதது. இதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பின்னால் நகர்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி இதனால்தான் 2014இல், உயர் வகுப்புப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நாமோ பிளஸ் டூ பிள்ளையை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்புகிறோம். ஐந்து மணி நேரம் தூங்கிய பிள்ளை படித்தது மனதில் தங்காது. தூக்கத்தில்தான் நினைவு கெட்டிப்படுகிறது. கைப்பேசியைப் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் வெயிலில் நிற்கச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். பதினொரு மணி வரை கிடந்தால் கடிகாரம் இன்னும் பின்னால் போகும்.

இரண்டாவது, ஊரில் 'அமுக்குவான் பேய்' என்பார்களே, அது. விழிப்பு வந்துவிட்டது, கை கால் அசையவில்லை, மார்பில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அறையில் நிழல் தெரிகிறது. கனவு உறக்கத்தில் நாம் எழுந்து ஓடாமல் இருக்கத் தசைகளை மூளை தளர்த்தி வைத்திருக்கும். மனம் விழித்த பிறகும் அந்தத் தளர்வு சில நொடிகள் நீடிப்பதே இது. தூக்கம் குறைந்த நாள்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். பிள்ளைக்கு விளக்கிச் சொல்லுங்கள், ஒருக்களித்துப் படுக்கட்டும், வந்தால் ஒரு விரலை மட்டும் அசைக்க முயலட்டும்.

ஆனால் இரவு முழுக்கத் தூங்கியும் வகுப்பில் அடக்க முடியாமல் தூங்குகிறான், வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடிந்து விழுகிறான் என்றால் அது நார்கோலெப்சியாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும் நோய் இது. ஆசிரியர்களின் திட்டுக்கும் உங்கள் அடிக்கும் நடுவில் ஆண்டுகள் வீணாகும் முன் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனம் உடைந்து பேசுகிற, வாழ்வே வேண்டாம் என்கிற பிள்ளைக்கு அன்றே உதவி வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

தூக்கத்தில் நடக்கும் பிள்ளை விடுதியில் சேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தரைத்தள அறை, கீழ்க் கட்டில், மாடிக் கதவுக்கு இரவில் பூட்டு, அறைத் தோழன் ஒருவனுக்காவது விஷயம் தெரிந்திருப்பது, எழுந்து நடந்தால் உலுக்காமல் கையைப் பிடித்துப் படுக்கைக்குத் திருப்ப வேண்டும் என்பது, உங்கள் கைப்பேசி எண். இவற்றை ஒரு தாளில் எழுதி, சேர்க்கும் நாளன்றே வார்டன் கையில் கொடுங்கள்.